ஆடாத படகுதான் அடிக்கும்!

பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் படகைப் பற்றி எழுதுகிறேன் என்றால், முதலில் சிரிக்கப் போகிறவர்கள் ஆம்பூர்க்காரர்கள்தான். ‘நம்ம ஆத்துல படகு விடணும்னா அதுக்குச் சக்கரம் வெக்கணும்’ என்பது எங்கள் பக்கத்து டீக்கடை ஜோக். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாகப் பெருகி ஓடியபோது, அதைப் பார்க்கவே குடும்பத்தோடு பாலத்துக்குப் போய் நின்றவர்கள் நாங்கள். தண்ணீர் எங்களுக்கு விசேஷ விருந்தாளி.

ஆனாலும் இந்த வாரம் படகுதான். காரணம், என் அக்கா மகன்.

அவன் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அந்த ஊர் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கல்லாகிவிடும். கோடை வந்தால் வீட்டுக்கு வீடு படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். நாம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கக் கிளம்புவதுபோல.

போன டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தான். எல்லோருமாக ஏலகிரிக்குப் போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, புங்கனூர் ஏரிக்கரையில் போய் நின்றோம். பிள்ளைகள் பெடல் படகை நோக்கி ஓடினார்கள். என் அம்மா மட்டும் கரையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“ஆயா, வா ஆயா. இது ஆடவே ஆடாது” என்று அவன் கெஞ்சினான். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

“நீங்க போயிட்டு வாங்கடா. நான் படகுல போனது போதும்” என்றார் அம்மா.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதை அப்புறம் சொல்கிறேன். அவன் விடவில்லை. ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். வெள்ளையும் ஆரஞ்சும் அடித்த ஒரு பழைய படகு. 1970களில் செய்தது. முன்பக்கம் கூர்மையாக இல்லாமல், நம் வீட்டுத் திண்ணை மாதிரி அகலமாக இருந்தது. அந்தத் திண்ணையிலேயே நாலு பேர் உட்கார மெத்தை போட்டிருந்தார்கள்.

“மாமா, இதுக்கு ட்ரை-ஹல்னு பேரு. அடியில மூணு முகடு இருக்கும். அதனால ஆடாது. மலிவா தர்றாங்க. ஜூலைல ஆயா அங்க வரும்போது இதுலதான் ஏரியைச் சுத்திக் காட்டப் போறேன். ஆயாவுக்கு முன்னாடி சீட்டு!”

ஆயாவுக்கு முன் சீட்டு என்று அவன் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆறு வருடத்துக்கு முன்னால்

ஆறு வருடத்துக்கு முன்னால் கடற்கரைப் பக்கம் ஒரு படகுத்துறைக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம். ‘ஸ்பீட் போட்’ என்று பலகை. அகலமான படகு. ஏறும்போது துளிகூட ஆடவில்லை. “எம்மா, நீ முன்னாடி உக்காரு. காத்து நல்லா வரும்” என்று கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தது நான்தான்.

மதியம் மூன்று மணி. காற்று எழும்பியிருந்தது. தண்ணீரில் முழங்கால் உயரத்துக்குக்கூட அலை இல்லை, சின்னச் சின்ன மடிப்புகள்தான். ஓட்டுகிற பையன் வேகம் எடுத்தான். எதிரே போன இன்னொரு படகு கிளப்பிவிட்ட அலைமேல் எங்கள் படகு ஏறி இறங்கியது. ‘டம்’ என்று ஒரு சத்தம். சிமெண்ட் தரையில் பலகையைப் போட்டதுபோல. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வேலூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இடுப்புக்கு மேலே ஒரு முதுகெலும்புக் கட்டை சற்று நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வயதானதால் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. உட்கார்ந்த நிலையில் கீழிருந்து விழுந்த அடியை அது தாங்கவில்லை. மூன்று மாதம் பெல்ட். இன்றைக்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அம்மா ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியும் என் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அன்றைக்கு எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஏறும்போது ஆடாத படகு, ஓடும்போது ஏன் அப்படி அடித்தது? அக்கா மகனின் போட்டோவைப் பார்த்த பிறகு, அதற்கு விடை தெரியாமல் அவனை ஊருக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றிவிட்டது.

கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்

விடை, நாம் சின்ன வயதில் கிணற்றில் கற்றதுதான். கைகளைச் சேர்த்துக் கத்திபோல் நீட்டித் தலைகீழாகப் பாய்ந்தால் தண்ணீர் வழிவிடும். அதே உயரத்திலிருந்து வயிறு தட்டையாக விழுந்தால்? வயிறு சிவந்து, கண்ணில் நீர் வந்து, ஒரு வாரம் கிணற்றுப் பக்கமே போக மாட்டோம். தண்ணீர் அதே தண்ணீர்தான். நாம் அதைத் தொடுகிற விதம்தான் வேறு.

படகின் அடியும் அப்படியே. அடி கூர்மையாக, ‘வி’ எழுத்துபோல் இருந்தால், அலைமேல் விழும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடி தட்டையாக இருந்தால் முழு அகலமும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். அந்த ஒரு நொடிக்குத் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை, தரையாகிவிடுகிறது.

அப்படியென்றால் எல்லாப் படகையும் ‘வி’ வடிவில் செய்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கூரான அடி கொண்ட படகு, நிற்கும்போது உருளும். ஒருவர் ஓரத்தில் ஏறினாலே சாயும். அதை வேகமாக ஓட்ட அதிக சக்தியுள்ள மோட்டார் வேண்டும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். தட்டையான, அகலமான படகோ நிற்கும்போது பாறைபோல் நிற்கும். சின்ன மோட்டாரிலேயே தண்ணீர்மேல் எழும்பி ஓடும். ஆனால் அலை வந்தால் அடிக்கும்.

நிற்கும்போது சுகம், ஓடும்போது சுகம் என்று சுகம் இரண்டு வகை. ஒன்றை அதிகமாக்கினால் மற்றது குறைகிறது.

ஷூ கம்பெனியில் 28 வருடம் வேலை பார்த்தவன் நான். இதே கதையைக் கடையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஷூவை எடுத்ததும் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பார்ப்பார். மெத்தென்று இருந்தால் முகம் மலரும். போட்டுக்கொண்டு நாலு அடி நடப்பார். வாங்கிவிடுவார். அந்த மெத்தை, கடையில் நிற்பதற்கான மெத்தை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால்தான், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே ‘ஷாங்க்’ என்கிற தகடு ஒழுங்காக இருக்கிறதா, அச்சு காலுக்குப் பொருந்தியதா என்பது தெரியும். நடக்கும்போது காலைக் காப்பாற்றுவது வெறும் ஸ்பாஞ்ச் மட்டுமல்ல, வடிவமும்தான்.

படகில் ஏறி நின்று ‘ஆடவே இல்லை, நல்ல படகு’ என்று சொல்வதும், கடையில் கட்டைவிரலால் அழுத்துவதும் ஒன்றுதான்.

மூன்று முகடு எங்கிருந்து வந்தது?

ட்ரை-ஹல் என்பதை மூன்று தனித்தனிப் படகுகளைச் சேர்த்துக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே அடிதான். அதில் நடுவே ஒரு முகடு, இரண்டு ஓரங்களிலும் இரண்டு முகடுகள், அவற்றுக்கு இடையே இரண்டு வாய்க்கால்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரிய தேவாலயத்தின் வளைவுகள்போல் தெரியும். அதனால் ஆங்கிலத்தில் இதற்குக் ‘கதீட்ரல் ஹல்’ என்றும் பெயர்.

இந்த வகையைப் பிரபலமாக்கியது 1958இல் அமெரிக்காவில் வந்த ‘பாஸ்டன் வேலர்’ என்ற 13 அடி ஃபைபர் படகு. தயாரித்தவர் டிக் ஃபிஷர். வடிவமைப்பில் அவருக்குத் துணை நின்றவர் ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளர். கனடாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹிக்மன் முன்பே செய்திருந்த ‘சீ ஸ்லெட்’ என்ற படகில், அடியின் நடுப்பகுதி மேல்நோக்கிக் குழிந்திருக்கும். இரண்டு ஓரங்களும்தான் தண்ணீரைத் தொடும். அதைப் பின்பற்றித்தான் இவர்களும் ஆரம்பித்தார்கள். ஓட்டிப் பார்த்தால், நடுக்குழி வழியாகக் காற்று போய் மோட்டாரின் விசிறியில் சிக்கியது. தண்ணீரைத் தள்ள வேண்டிய விசிறி காற்றில் வெறுமனே சுழன்றது. அதைச் சரிசெய்ய நடுவிலும் ஒரு முகடு வைத்தார்கள். இரண்டு மூன்றானது.

உள்ளே முழுக்க ஃபோம் நிரப்பியிருந்ததால் அந்தப் படகு மூழ்காது. 1961இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த படங்களில், ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, படகையே ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். ஒரு பாதி ஒரு பக்கம், மறுபாதி மறுபக்கம். அவர் மூழ்கவில்லை. இதைவிட வேறு என்ன விளம்பரம் வேண்டும்?

அதற்குப் பிறகு 1960களிலும் 70களிலும் அங்கே பல கம்பெனிகள் மூன்று முகட்டுப் படகுகளாகச் செய்து தள்ளின. குடும்பங்களுக்குப் பிடித்துப்போனது. பிள்ளைகள் ஒரே பக்கம் ஓடினாலும் சட்டென்று சாயாது. முன்பக்கம் அகலம், நிறைய பேர் உட்காரலாம். சின்ன மோட்டாரே போதும். அக்கா மகன் காட்டியது அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அதே ரே ஹன்ட்தான், ‘ஆழமான வி’ என்று சொல்லப்படும் கூரான அடியையும் உருவாக்கியவர். அடியின் இரண்டு பக்கமும் சுமார் 24 டிகிரி சரிவு. அந்தச் சரிவு முன்னாலிருந்து பின்பக்கம்வரை குறையாமல் வரும். 1960இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த மோட்டார் படகுப் பந்தயத்தில் கடல் கொந்தளித்தது. ‘மாப்பி’ என்ற அவருடைய ‘வி’ படகு மற்ற எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட்டு முதலில் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வேகப் படகு என்றால் ‘வி’ அடி என்றே ஆகிவிட்டது.

அமைதியான தண்ணீரில் நாலு பேர் நிற்கவும் உட்காரவும் ஒன்று, கொந்தளிக்கும் கடலைப் பிளந்து ஓட இன்னொன்று என இரண்டையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார். எது நல்லது என்று அவரிடம் கேட்டிருந்தால், ‘எந்தத் தண்ணீரில்?’ என்று திருப்பிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாய்க்காலுக்குள் என்ன நடக்கிறது?

மூன்று முகட்டுப் படகு, தண்ணீர் லேசாகச் சிலிர்த்திருக்கும்போது உண்மையிலேயே சுகமாக ஓடும். முகடுகளுக்கு இடையே உள்ள வாய்க்கால்களில் காற்றும் நுரையும் புகுந்து, மெத்தைபோல் தாங்கும். பிரச்னை, அலை அந்த வாய்க்காலின் உயரத்தைத் தாண்டும்போதுதான். வாய்க்காலின் கூரையில் தண்ணீர் போய் மோதும். காற்றும் தண்ணீரும் தப்பிக்க வழியில்லாமல் அடைபடும். அதுதான் அந்த ‘டம்’. முன்பக்கம் அகலமாக இருப்பதால் மோதுகிற பரப்பும் அதிகம். நம்மை ஆடாமல் தாங்கிய அதே அகலம்தான், அலை வந்ததும் அடி வாங்கித் தருகிறது.

இங்கே நம் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. கட்டைகளுக்கு இடையே இடைவெளி உண்டு. அலை கீழிருந்து வந்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் மேலே வந்து வழிந்து ஓடிவிடும். அடைபடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மீனவர் நனைவார், ஆனால் அலை அவரைப் பலகைபோல் அறையாது. அவரும் சீட்டில் சாய்ந்து உட்காருவதில்லை. முழங்காலை மடித்தோ, நின்றோ துடுப்புப் போடுவார். முழங்கால்தான் அவருக்கு ஸ்பிரிங்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து எழுதிவைத்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி முதல், பலர் வழியாக அந்தச் சொல் உலகம் சுற்றியது. இன்றைக்கு இரண்டு உடல் கொண்ட சொகுசுக் கப்பலையும் ‘கேட்டமரான்’ என்கிறார்கள். அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் வடிவத்தில் சம்பந்தம் குறைவு. பெயர் மட்டும் நம்முடையது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிவிட்டது. கூடவே மோட்டாரும் வேகமும் வந்தன. அதனால் அடியைப் பற்றிய இந்தக் கணக்கு இப்போது நமக்கும் சேர்ந்ததுதான்.

பஸ்ஸில் பின்சீட்டு, படகில் முன்சீட்டு

வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வேகத்தடையின் அருமை தெரியும். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் அந்த சீட்டு தூக்கி எறியும். வேகப் படகில் இது தலைகீழ். ஓடும்போது படகின் பின்பக்கம் தண்ணீரில் படிந்திருக்கும். முன்பக்கம்தான் எழும்பி எழும்பி விழும். ஒரே படகில், ஒரே அலையில், முன்னால் இருப்பவருக்கு விழுகிற அடி பின்னால் இருப்பவருக்கு விழாது.

பிரிட்டனில் கடல் விபத்துகளை விசாரிக்கும் அரசுப் பிரிவு ஒன்று உண்டு. 2008இல் பிரிஸ்டல் கால்வாயில் அதிவேக ரப்பர் படகில் உல்லாசப் பயணம் போன ஒரு பயணிக்கு, படகு அலையைத் தாண்டி விழுந்ததில் முதுகெலும்பு முறிந்ததை அது விசாரித்தது. படகு கவிழவில்லை. யாரும் தண்ணீரில் விழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முறிவு. என் அம்மாவுக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் என்று இவ்வளவு நாளாக நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் தெரியவில்லை.

வேகம் இன்னொரு பாதி. அலைமேல் மோதுகிற அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். சுருக்கமாக, வேகத்தைப் பாதியாக்கினால் அடி ஏறக்குறைய கால்வாசியாகும். அன்றைக்கு ஓட்டுகிற பையனிடம், “தம்பி, கொஞ்சம் மெதுவா” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும்.

போனில் நடந்த பரீட்சை

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். “வாங்காதே” என்று சொல்லவில்லை. “ஜனவரியில ஏரி உறைஞ்சிருக்கும். மே மாசம் வரைக்கும் பொறு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை ஓட்டிப் பாரு. காலையில ஒண்ணு, காத்து எழும்பின மதியம் ஒண்ணு. மதியம் முன் சீட்டுல நீ உக்காரு” என்றேன்.

மே மாதக் கடைசியில் போன் வந்தது.

“மாமா, காலையில சோபாவுல உக்காந்த மாதிரி இருந்துச்சு. மதியம் நீங்க சொன்ன மாதிரி முன்னாடி உக்காந்தேன். அவர் எப்பவும் ஓட்டுற வேகத்துல ஓட்டினார். பல்லு தந்தியடிச்சுது. ஒவ்வொரு அலைக்கும் டம்முடம்முனு.”

“அப்புறம்?”

“வேகத்தைப் பாதியாக் குறைக்கச் சொன்னேன். பரவாயில்ல. அலையை நேருக்கு நேர் மோதாம கொஞ்சம் சாய்வா ஏத்தினார், இன்னும் பரவாயில்ல. அப்புறம் பின்னாடி வந்து உக்காந்தேன். அதே படகுதானான்னு சந்தேகமே வந்துடுச்சு.”

அடுத்த பரீட்சை, படகின் வயது. அரை நூற்றாண்டு கண்ட ஃபைபர் படகில், ஃபைபர் கெடாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் மரம் கெட்டிருக்கலாம். தரைக்கும் மோட்டார் மாட்டுகிற பின்பலகைக்கும் அந்தக் காலத்தில் பிளைவுட் வைத்து மேலே ஃபைபர் பூசினார்கள். ஆணித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் ஊறி இற்றுவிடும். உள்ளே இருக்கும் ஃபோமும் தண்ணீர் குடித்திருந்தால் படகு கனக்கும், ஓட்டமே மாறிவிடும்.

எனவே அவனைச் செருப்பைக் கழற்றிவிட்டு, தரை முழுக்கக் குதிகாலை ஊன்றி நடக்கச் சொன்னேன். எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் அந்த இடம் போச்சு. சின்ன மர சுத்தியலால் தட்டச் சொன்னேன். நல்ல இடம் கணீரென்று கேட்கும். ஊறிய இடம் சத்தமில்லாமல் பொத்தென்று கேட்கும். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். பின்பலகை வளைந்தால், உள்ளே மரம் இற்றிருக்கிறது என்று பொருள்.

தரை நன்றாக இருந்தது. பின்பலகை வளைந்தது. அவன் அதை மறைக்காமல் விற்பவரிடம் சொன்னான். அவரும் முகம் சுளிக்காமல் விலையைக் குறைத்தார். ஜூன் மாதம் நண்பன் ஒருவனோடு சேர்ந்து பழைய பலகையைப் பிடுங்கிப் புதியது வைத்திருக்கிறான்.

ஆக, படகு வாங்கியாகிவிட்டது. அவன் வீட்டருகே இருப்பது சின்ன ஏரி. பெரிய அலை எழும்ப அங்கே இடமில்லை. அந்தத் தண்ணீருக்கு அந்தப் படகு பொருத்தம்தான். ஆயா ஏறும் நாளில் காலை 9 மணிக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும், காற்று எழும்பிய பிறகு படகு கரையை விட்டு நகரக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

நீங்கள் ஏறும்போது

நம்மில் பலர் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் விடுமுறைக்கு எங்காவது ஏறத்தான் போகிறோம். ஏலகிரி, ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் பெடல் படகும் துடுப்புப் படகும் நடக்கிற வேகத்தில்தான் போகும். இந்த அடிக்கு அங்கே வேலையில்லை. மோட்டார் வைத்த வேகப் படகு என்றால் மட்டும் சில விஷயங்களை நினைவில் வையுங்கள்.

பெரியவர்களைப் பின்பக்கம் உட்கார வையுங்கள். காற்று வாங்க முன் சீட்டு என்பது வேண்டவே வேண்டாம். முதுகுத் தேய்மானம், எலும்பு பலவீனம், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் வேகப் படகைத் தவிர்ப்பதே நல்லது.

முடிந்தவரை காலையில் போங்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் காற்று எழும்பும்.

ஓட்டுபவரிடம் “மெதுவாகப் போங்கள்” என்று ஏறும் முன்பே சொல்லுங்கள். சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம்.

இரண்டு பாதமும் தரையில் படிய உட்காருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலை வருவது தெரிந்தால், முடிந்தவர்கள் காலில் பலம் கொடுத்து லேசாக எழும்பிக்கொள்ளலாம். கட்டுமரக்காரரின் ஸ்பிரிங் நம்மிடமும் இருக்கிறது.

கடைசியாக, ஆடாத படகு கவிழாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். எவ்வளவு அகலமான படகுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். கூட்டம் அதிகம் என்று பட்டால் ஏறாதீர்கள். எந்தப் படகிலும் லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொள்வதற்கு அது கைப்பை அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவன் படகைக் காட்டினான். புதுப் பலகை, புது மெத்தை. பின்பக்கம் ஆயாவுக்கென்று சாய்மானம் வைத்த சீட்டு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“சரிடா, வரேன். பின்னாடியே உக்காந்துக்கறேன்” என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைப் பார்த்துச் சொன்னார்:

“அந்த முன்னாடி சீட்டு இருக்குதே, அதை உன் மாமனுக்கு வெய்யி. மதியம் காத்து வந்த பொறவு கூட்டிட்டுப் போ!”